வளவிலும் பூச்சாடியிலும் நிற்கும் நச்சுச் செடிகள்: நாய், பூனை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரந்தன் பக்கம் வீட்டோடு சேர்த்துச் சின்னதாகப் பூக்கன்றுக் கடை வைத்திருக்கிறேன். கன்று வாங்க வருகிறவர்கள் முன்பெல்லாம் "இது வெயில் தாங்குமோ" என்றுதான் கேட்பார்கள். இப்போது "வீட்டில் பூனை நிக்குது, இதை வைக்கலாமோ" என்பதும் சேர்ந்துவிட்டது. ஒரே சந்தேகத்துக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. மருந்து அளவு எதையும் இங்கே தேட வேண்டாம்.

உண்மையிலேயே செடி திண்டு நாய் சாகுமோ? எங்கட ஆக்கள் காலங்காலமா வளர்க்கினம், ஒண்டும் நடக்கேலையே.

சாகும், ஆனால் அடிக்கடி இல்லை. பெரும்பாலான செடிகள் ஒரு சத்தி, ஒரு வயிற்றோட்டத்தோடு விட்டுவிடும். சில செடிகள்தான் இதயத்தையோ ஈரலையோ சிறுநீரகத்தையோ பிடிக்கும். ஊர் முழுக்கச் சுற்றித் திரிகிற வளர்ந்த நாய் கசப்பு இலையை வாயில் வைத்தவுடனே துப்பிவிடும். மாட்டுப்படுவது பல் முளைக்கிற குட்டிகள், நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்து அலுத்துப்போன நாய்கள், வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்க்கும் பூனைகள். முன்பு அடைத்து வளர்க்கிற பழக்கம் இங்கே குறைவு, விறாந்தையில் இத்தனை சாடிகளும் இருக்கவில்லை.

அதோடு, "ஒண்டும் நடக்கேலை" என்று எப்படித் தெரியும்? காலையில் நாய் செத்துக் கிடந்தால் பாம்பு கடித்திருக்கும் என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோம். யார் பார்த்தது?

அப்ப எந்தச் செடியை முதல்ல கழிக்கோணும்?

இணையத்தில் நூறு செடி போட்ட பட்டியல் கிடைக்கும், அதைப் பார்த்தால் வளவையே மொட்டையடிக்க வேண்டிவரும். நான் கவலைப்படுவது கொஞ்சத்துக்குத்தான். அலரி, மஞ்சள் அலரி, அடீனியம் மூன்றும் இதயத்தைப் பிடிப்பவை. கார்த்திகைப்பூவின் கிழங்கு. சைக்கஸ். ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி மூன்றின் விதைகள். பூனை இருக்கிற வீடென்றால் லில்லி.

இதில் சைக்கஸைப் பற்றித்தான் ஆட்களுக்குத் துளியும் பயமில்லை. பார்ப்பதற்குக் குட்டிப் பனை மாதிரி அழகாக நிற்கும், புது வீடு கட்டியவர்கள் வாசலுக்கு இரண்டு பக்கமும் வைப்பார்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை இன்னும் மோசம். ஒன்றிரண்டு விதையை மென்று விழுங்கின நாய் ஈரல் கெட்டுச் செத்துப்போகலாம். முதல் நாள் சத்தியெடுத்துவிட்டுத் தேறினமாதிரி இருக்கும், இரண்டு மூன்று நாளில் கண்ணும் முரசும் மஞ்சளாகும். நாய்க்குட்டி உள்ள வீட்டுக்கு நான் அதை விற்பதில்லை.

வாசல்ல அலரி நிக்குது. அம்மா விடிய எழும்பிச் சாமிக்குப் பூப் பிடுங்குறவ. வெட்டச் சொல்லுறீங்களோ?

அம்மாவோடு சண்டை பிடிக்கச் சொல்ல மாட்டேன். வளர்ந்த மரத்தின் கிளைகள் உயரத்தில் நின்றால், நாயும் வளர்ந்த நாயென்றால், நிற்கட்டும். ஆபத்து மரத்தில் இருப்பதைவிட நிலத்தில் கிடப்பதில்தான் அதிகம். கத்தரித்துப் போட்ட தடிகளை நாய் கடித்து விளையாடும், மஞ்சள் அலரிக் காய்களைக் குட்டி பந்தாக உருட்டும், பூ போட்டு வைத்த செம்புத் தண்ணீரைப் பூனை நக்கும். இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. ஆகவே காயை விழுந்த அன்றே பொறுக்குங்கள், தடியை அன்றே அப்புறப்படுத்துங்கள். எரிக்க வேண்டாம், அந்தப் புகையும் கூடாது. ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடலாம்.

அலரி தின்ற மிருகம் சத்தியெடுக்கும், வாயூறும், சோரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும் அல்லது மிகவும் மெதுவாகும். பொறுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. அடீனியம் அலரியின் குடும்பம்தான், ஆனால் முழங்கால் உயரச் சாடியில் நிற்பதால் குட்டிக்கு அலரியைவிடக் கிட்ட. அதை மதிலுக்கு மேல் ஏற்றுங்கள்.

கார்த்திகைப்பூவும் நஞ்சோ? அது தானா முளைக்கிறதெல்லோ?

நஞ்சுதான், மனிதருக்கும் சேர்த்து. கொல்கிசின் என்ற பொருள் செடி முழுக்க இருக்கிறது, கிழங்கில் அதிகம். மாரி மழை விழுந்ததும் பற்றைக் கரையிலும் வேலியோரத்திலும் சுருண்ட நுனியோடு ஏறிவருமே, அந்தக் கொடியை நாய் தேடிப்போய்த் தின்னாது. கிழங்குதான் பிரச்சினை. மண் கிண்டுகிற நாய்க்கு அது எலும்புபோல அகப்படும், இரண்டு பக்கம் வளைந்து விரல் மொத்தத்தில் இருக்கும். தோட்டம் கொத்தும்போது வெளியே வந்த கிழங்கை வரம்பில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள்.

தின்றவுடனே எதுவும் தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் சத்தி தொடங்கும், பிறகு இரத்தம் கலந்த வயிற்றோட்டம். "திண்டு ரெண்டு மணித்தியாலம் ஆச்சுது, நல்லாத்தானே நிக்குது" என்று இருந்துவிடக்கூடாத செடி இது.

மணி பிளான்ட், அந்தூரியம் எல்லாம் வீட்டுக்குள்ள கிடக்கு. பூனை கடிச்சிட்டுது, வாயால வடியுது. பயமா இருக்கு.

இந்தக் கூட்டம் பெரியது: மணி பிளான்ட், அந்தூரியம், டைஃபன்பாகியா, கலேடியம், பீஸ் லில்லி, காட்டுச் சேம்பு. எல்லாவற்றிலும் கல்சியம் ஒக்சலேற்று ஊசி வடிவில் இருக்கிறது. கடித்த உடனேயே அந்த ஊசிகள் வாய்த்தோலில் குத்தும். பச்சைச் சேம்பு தொட்டுக் கை கடித்திருக்குமே, அதேதான். கடித்த மிருகம் வாயூறும், முகத்தைக் காலால் தேய்க்கும், சாப்பிட மறுக்கும். பார்க்கப் பயங்கரம், ஆனால் வலியால் அந்த இடத்திலேயே விட்டுவிடுவதால் பெரிதாக உள்ளே போவதில்லை.

ஈரத்துணியால் வாயைத் துடைத்துக் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். பெரும்பாலும் அன்றைக்கே சரியாகும். நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால் மட்டும் ஓடுங்கள். மருள், குரோட்டன், கடதாசிப்பூ இவை இன்னும் லேசு, அவற்றை வைத்து நித்திரையைக் கெடுக்க வேண்டாம்.

லில்லி எண்டாலே பூனைக்கு ஆகாதாம். கிணத்தடியில மழை லில்லி வரிசையா நிக்குது, பிடுங்கோணுமோ?

லில்லி என்ற பெயரில் விற்கிறதெல்லாம் ஒன்றில்லை. கொல்லக்கூடியவை பூங்கொத்தில் வருகிற பெரிய மணமான லில்லியும், ஒரு நாள் மட்டும் விரிந்து வாடுகிற டே லில்லியும். மழை லில்லிக்கும் விஷமூங்கிலுக்கும் (பெயர்தான் மூங்கில், இதுவும் லில்லி மாதிரிக் குமிழ்ச் செடி) குமிழில்தான் நஞ்சு அதிகம், தோண்டித் தின்றால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும், சிறுநீரகத்தைப் பிடிக்காது. கிணற்றடி வரிசை நிற்கட்டும். பீஸ் லில்லி முந்தின பதிலில் வந்துவிட்டது. கார்த்திகைப்பூவும் இந்த லில்லிக் கணக்கில் சேராது, அதன் ஆபத்து வேறு, மேலே சொன்னேன்.

பூங்கொத்து லில்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வன்னியில் இதை யாரும் நடுவதில்லை, ஆனால் கலியாணம், பிறந்தநாள், அரங்கேற்றம் என்றால் கொத்தாக வீட்டுக்குள் வந்துவிடும். பூவின் நடுவில் செம்மண் நிறத்தில் மகரந்தம் தொங்கும், தொட்டால் சட்டையில் கறை பிடிக்கும். மேசைக்குக் கீழே பூனை படுத்திருக்க முதுகில் அது கொட்டும். பூனை பூவைப் பார்க்கக்கூட இல்லை, தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்தது, அவ்வளவுதான். அதுவே போதும். பூ நின்ற தண்ணீரைக் குடித்தாலும் போதும். சில மணித்தியாலத்தில் சத்தி வரும், பிறகு ஓய்ந்து தேறினமாதிரித் தோன்றும், ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். 18 மணித்தியாலத்துக்குள் சேலைன் ஏற்றத் தொடங்கினால்தான் தப்புவதற்கு நல்ல வாய்ப்பு. மகரந்தம் பட்டதைக் கண்டால் நக்கவிடாமல் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். நாய்க்கு இதே பூ வயிற்றுக் குழப்பத்தோடு முடியும், பூனைக்குத்தான் எமன்.

கற்றாழை மருந்தெல்லோ? நாயின்ர புண்ணுக்குப் பூசலாம்தானே?

உள்ளே இருக்கிற தெளிந்த சோறு அவ்வளவு கெடுதல் இல்லை. தோலுக்கு அடியில் மஞ்சளாக வடியும் கசப்புப் பால்தான் பேதியாக்கும். மடலை வெட்டி நிறுத்தி வைத்தால் அது இறங்குவதைப் பார்க்கலாம். புண்ணில் பூசினால் நாய் சும்மா இருக்குமா, நக்கும். நக்கினால் வயிற்றோட்டம், குட்டியென்றால் நீர் இழந்து சோர்ந்துவிடும். புண்ணுக்கு உப்புக் கலந்த கொதித்தாறிய தண்ணீரே போதும், புழு வைத்திருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

இதே கேள்வியை வேப்பெண்ணெய்க்கும் கேட்பார்கள், உண்ணிக்குப் பூசலாமா என்று. பூனைக்கு வேண்டாம். பூனையின் ஈரலில் சில பொருட்களை உடைக்கும் நொதியம் குறைவு, நாய் தாங்குவதைப் பூனை தாங்காது. மூலிகைதானே என்று நினைக்கிற இடத்தில்தான் பூனைகள் அதிகம் மாட்டுகின்றன.

எருக்கலை, ஊமத்தை, காட்டாமணக்கு எல்லாம் ரோட்டுக்கரை முழுக்க நிக்குதே, எத்தினையைப் பிடுங்குறது?

ரோட்டுக்கரையை விடுங்கள், வளவுக்குள் நிற்பதைப் பாருங்கள். எருக்கலையைத் தின்பதைவிட அதன் பால் கண்ணில் படுவதுதான் வழமையாக நடக்கும். கண் சிவந்து மூடிக்கொள்ளும், வெள்ளை விழும். சுத்தமான தண்ணீரால் கால் மணித்தியாலம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊமத்தை தின்றால் கண்மணி விரிந்து, வாய் வறண்டு, இல்லாததைப் பார்த்துக் குரைக்கும், தள்ளாடும்.

காட்டாமணக்கும் ஆமணக்கும் விதைகளால் ஆபத்து. ஆமணக்கு விதையை முழுசாக விழுங்கினால் கோது உடையாமல் வெளியே போய்விடலாம், மென்றால்தான் நஞ்சு வெளிப்படும். குன்றிமணியும் அப்படித்தான். ஆனால் மென்றதா விழுங்கினதா என்று நாயிடம் கேட்க முடியாதே, எப்படித் தின்றாலும் காட்டுங்கள். இன்னொன்று: ஆமணக்குப் பிண்ணாக்குக் கலந்த சேதனப் பசளையை நாய் மணந்து பிடித்துக் கிண்டித் தின்னும். பசளை வாங்கினால் பையில் என்ன கலந்திருக்கிறது என்று வாசியுங்கள்.

ஆடு சீமைக்கிளுவையை நல்லாத் தின்னுது. ஆடு திண்டா நாயும் தின்னலாம்தானே?

இல்லை. ஆடு மாட்டுக்கு இரைப்பையில் நாலு அறை, முதல் அறையிலேயே நுண்ணுயிர்கள் பல பொருட்களை உடைத்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் அந்த வசதி இல்லை. சீமைக்கிளுவையின் விதையையும் பட்டையையும் மத்திய அமெரிக்காவில் எலிக்கு நஞ்சாகப் பயன்படுத்துகிறார்கள், அதே மரத்தின் இலையைத்தான் நாங்கள் மாட்டுக்கு வெட்டிப் போடுகிறோம்.

ஆட்டுக்கு எல்லாம் ஒத்துவரும் என்றும் இல்லை. நாயுண்ணி தின்ற மாடும் ஆடும் ஈரல் கெட்டு, வெயிலில் நின்றால் தோல் வெந்து உரியும். மரவள்ளி இலையும் பச்சைத் தோலும் அளவுக்கு மிஞ்சினால் ஆட்டைச் சாய்த்துவிடும்.

குப்பைமேனியைப் பிடுங்கினா எங்கிருந்தோ பூனையெல்லாம் வந்து வேரில புரளுது. விசரோ?

விசர் இல்லை. அதற்குப் பூனைவணங்கி என்று பெயரே இருக்கிறது. வேரின் மணம் பூனையை இழுக்கும், கொஞ்ச நேரம் உருண்டு தேய்த்துவிட்டு எழும்பிப் போகும். புரளட்டும். கூடையாகப் பிடுங்கி வைத்துத் தின்னக் கொடுக்காமல் இருந்தால் சரி.

நாய் புல்லுத் திண்டு சத்தியெடுக்குது. புல்லும் நஞ்சோ?

அறுகம்புல் தின்று ஒருமுறை சத்தியெடுத்துவிட்டு வாலாட்டிக்கொண்டு வந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்தப் புல்லுக்கு நேற்றுக் களைநாசினி அடித்தார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

செடியை விடுங்கோ, மிஞ்சின கறிச் சோறு போடுறம். அதில என்ன?

அலரியைவிட இதுதான் வீட்டுக்கு வீடு நடப்பது. வெங்காயமும் உள்ளியும் சிவப்பு அணுக்களை உடைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்குக் கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயம் போதும், நாய்க்கு 15 முதல் 30 கிராம். உள்ளி அதைவிடப் பல மடங்கு கடுமை. சில நாள் கழித்து முரசு வெளிறி, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்போது கறிச் சோறு யாருக்கும் ஞாபகம் வராது.

முந்திரிகைப் பழமும் (திராட்சை), கேக்கில் போடுகிற பிளம்ஸும் (காய்ந்த திராட்சை) நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் அவற்றிலுள்ள தாட்டாரிக் அமிலம் என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் 2021 இல் எழுதினார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. ஆகவே புளிக்குழம்பின் அடியை நாய்ச் சட்டியில் ஊற்றுவதை நிறுத்துங்கள். சோறு போடுவதென்றால் தாளிக்க முன்னரே மீனையோ கோழியையோ அவித்து ஒரு பங்கு எடுத்து வைக்கலாம், பெரிய வேலை இல்லை.

திண்டிட்டுது. இப்ப நான் என்ன செய்ய?

முதலில் வாயில் மிஞ்சியிருப்பதை எடுங்கள், கடி வாங்காமல். மற்ற மிருகங்களை அந்த இடத்திலிருந்து விலக்குங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதுங்கள். போனில் படம் எடுங்கள், செடியையும் சத்தியையும். பிறகு மருத்துவருக்கு அழையுங்கள். போகும்போது செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "ஏதோ ஒரு மஞ்சள் பூ" என்று சொன்னால் அவரால் எதுவும் பிடிக்க முடியாது. மிருகத்தின் எடையும் தேவைப்படும், நீங்கள் தராசில் தூக்கிக்கொண்டு நின்று பிறகு உங்கள் எடையைக் கழித்தால் கிடைக்கும்.

இரண்டாவது பதிலில் சொன்ன செடிகளென்றால் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒக்சலேற்றுக் கூட்டமென்றால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

உப்புத் தண்ணி, புளித் தண்ணி பருக்கிச் சத்தியெடுக்க வைச்சா நஞ்சு போயிடும்தானே?

போகாது, இன்னொரு நஞ்சு உள்ளே போகும். உப்பு அளவு கூடினால் அதுவே மூளையைத் தாக்கி வலிப்பு வரவைக்கும். புளி ஏன் கூடாது என்று மேலே இருக்கிறது. சோர்ந்து கிடக்கிற மிருகத்தின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். பால், தேங்காயெண்ணெய், பச்சை முட்டை, தேசிக்காய்ச் சாறு எதுவும் முறிவு இல்லை. சத்தியெடுக்க வைக்கலாமா என்பதை மருத்துவர் முடிவெடுக்கட்டும். பூனைக்கு வீட்டில் எந்த விதத்திலும் செய்யக்கூடாது.

வலிக்குது என்று பனடோலும் கொடுக்காதீர்கள். ஒரேயொரு குளிசை பூனையைக் கொல்லும்.

செடியோ, பாம்போ, வயலுக்கு அடிச்ச மருந்தோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

உறுதியாகப் பிடிக்க முடியாது, ஆனால் குறிப்புகள் உண்டு. பூச்சிநாசினியென்றால் வாயில் நுரை, தசை துடிப்பு, கண்மணி ஊசிமுனையாகச் சிறுத்திருக்கும். ஊமத்தையில் இதற்கு நேர்மாறு என்று முன்னே பார்த்தோம். சில எலி மருந்து தின்றால் நாலைந்து நாள் கழித்து மூக்காலும் முரசாலும் இரத்தம் வரும். புடையன் கடித்தால் முகமோ காலோ வீங்கும், கடிவாயில் இரத்தம் கசியும். தேரையைக் கவ்விய நாய் உடனே நுரை தள்ளித் தலையை உதறும், வாயைக் கழுவிவிட்டால் அனேகமாகத் தெளியும்.

விதைப்புக் காலமென்றால் நான் முதலில் மருந்தைத்தான் சந்தேகிப்பேன். கோடையில் செடியையும் யோசிக்க வேண்டும், எல்லாம் கருகிப்போய் அலரியும் எருக்கலையும் மட்டும் பச்சையாக நிற்கிற நேரம் அது.

ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்தா? துணுக்காயில இருந்து எங்க ஓடுறது?

இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. கொழும்பில் இரவிலும் யாரையாவது பிடித்துவிடலாம், இங்கே அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும், அவர்களுக்கு மாடும் ஆடும் கோழியும்தான் முதல் வேலை. தனியார் மருத்துவர்கள் அனேகமாக வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களில். மிருக வைத்திய பீடம் இலங்கை முழுக்கப் பேராதனையில் ஒன்றுதான், அதன் போதனா வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஏ9 வழியே நெடுந்தூரம்.

அதனால் இன்றைக்கே உங்கள் பிரிவு வைத்தியரின் இலக்கத்தையும் ஒரு தனியார் மருத்துவரின் இலக்கத்தையும் வாங்கிப் போனில் போட்டுவையுங்கள். இரவில் நாயை ஏற்ற மறுக்காத ஆட்டோக்காரர் ஒருவரின் இலக்கமும் வேண்டும். பலபேர் ஏற்றமாட்டார்கள், சத்தியெடுத்தால் இருக்கை நாறும் என்று. ஒரு பழைய சாக்கும் பொலித்தீனும் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக முடியும்.

இவ்வளவும் கேட்டாச்சு, அப்ப என்னதான் நடுறது?

செவ்வரத்தை, மல்லிகை, ரோசா, துளசி இவற்றுக்குப் பயமில்லை. வீட்டுக்குள் வைக்க அரிகா பாம், ஸ்பைடர் பிளான்ட், ஓர்கிட். ரோசாவில் முள் குத்தினால் அது நாயின் பாடு. நித்தியகல்யாணி எங்கும் முளைக்கிறதால் பாதுகாப்பென்று நினைப்பார்கள், அது புற்றுநோய் மருந்து எடுக்கிற செடி, குட்டி உள்ள முற்றத்துக்கு வேண்டாம். பூனை எதையாவது கடித்தே தீரும் என்றால் ஒரு சட்டியில் குரக்கனோ நெல்லோ தூவிவிடுங்கள், ஒரு கிழமையில் கடிக்கப் பச்சை வந்துவிடும், மற்றச் சாடிகளும் தப்பும்.

பக்கத்து வளவில மஞ்சள் அலரி. காய் எல்லாம் எங்கட பக்கம்தான் விழுது. சொன்னா கோவிக்கினம்.

"உங்கட மரம் எங்கட நாயைக் கொல்லப்போகுது" என்று தொடங்கினால் கோபம் வரத்தான் செய்யும். அவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதைச் சொல்லித் தொடங்குங்கள், மஞ்சள் அலரி விதை மனிதரையும் கொல்லும், வடக்கில் அது தெரியாத ஆள் இல்லை. கிளையைக் கவ்வாத்துப் பண்ண நீங்களே ஆள் பிடித்துக் கூலியும் கொடுக்க முன்வந்தால் அனேகமாகச் சம்மதிப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் வேலியின் உங்கள் பக்கத்தில் கிளை நீளுகிற அளவுக்கு ஒரு வலையைச் சாய்த்துக் கட்டுங்கள், காய் வலையிலேயே நிற்கும், கிழமைக்கு ஒருக்கால் தட்டி எடுத்தால் போதும். நாயை அந்தப் பக்கம் கட்டாதீர்கள்.